குனு மேக்: ஃபோல்டர் விஷயத்தில் மட்டும் ஒரு குறை

சி ப்ராஜெக்ட் எல்லாவற்றுக்கும், மாறிய ஃபைல்களை மட்டும் பார்த்துக் கம்பைல் செய்யும் குனு மேக் என்ற கருவியைத்தான் நான் வைத்திருக்கிறேன், மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனால் புதிதாக எடுப்பவர்கள் முதலில் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை பில்ட் என்ற தனி ஃபோல்டரில் போடச் சொல்லி மேக்ஃபைலில் (மேக்குக்கான குறிப்புகள் இருக்கும் ஃபைல்) ரூல் எழுதினால், அந்த ஃபோல்டரை மேக் தானாக உருவாக்காது. நம் கம்ப்யூட்டரில் அது என்றைக்கோ உருவாகிக் கிடப்பதால் பிரச்சினை தெரியாது. கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் காலி ஃபோல்டரைச் சேமிக்காது என்பதால், வேறொருவர் குளோன் செய்து மேக் கொடுத்த உடனே ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சரி, ஃபோல்டரையும் ஒரு சாதாரண சார்பாக (டார்கெட்டுக்கு, அதாவது உருவாக வேண்டிய ஃபைலுக்கு, முன்பே தேவைப்படுவது) ரூலில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு ஃபோல்டருக்குள் புது ஃபைல் வந்தாலோ போனாலோ அந்த ஃபோல்டரின் நேரமுத்திரை மாறும், மேக் பார்ப்பதே அந்த நேரத்தைத்தான், அதனால் முன்னால் கம்பைல் ஆன ஃபைல்கள் எல்லாம் ஃபோல்டரைவிடப் பழையவை என்று முடிவு செய்து, நீங்கள் ஒரு வரிகூட மாற்றாதபோதும் அடுத்த தடவை மறுபடி கம்பைல் செய்ய ஆரம்பித்துவிடும்.

இதற்கான தீர்வுதான் ஆர்டர்-ஒன்லி. சார்புகளின் பட்டியலில் | போட்டு அதற்குப் பிறகு ஃபோல்டர் பெயரை எழுதினால், 'இது முதலில் இருக்க வேண்டும், ஆனால் இதன் நேரத்தைப் பார்க்காதே' என்று அர்த்தம். ஃபோல்டருக்குத் தனியாக ஒரு ரூல், அதில் ஃபோல்டரை உருவாக்கும் எம்கேடிர் மைனஸ் பி (mkdir -p) கமாண்ட், அவ்வளவுதான். 2002-இல் வந்த 3.80 பதிப்பிலேயே இது இருக்கிறது, ஆகவே மேக்கோஸில் வரும் பழைய 3.81-இலும் ஓடும். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போனால்தான் சிரமம். நெட், யூஐ என்று சோர்ஸ் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பில்டுக்குள் ஒரு ஃபோல்டர் வேண்டும். சார்புகளின் பெயரை மேக் இன்னொரு முறை கணக்கிடும் இரண்டாம் விரிவாக்கம் என்ற வசதியை இயக்கி, இரட்டை டாலர் போட்டு இதையும் ஆர்டர்-ஒன்லியிலேயே முடிக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. அந்த மாதிரி இடத்தில் நான் ரூலின் முதல் வரியிலேயே டார்கெட்டின் ஃபோல்டருக்கு எம்கேடிர் மைனஸ் பி போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கமாண்ட் கூடுதலாக ஓடும், பரவாயில்லை. அந்த மைனஸ் பியை மட்டும் விடாதீர்கள். இணையாக ஓடும்போது இரண்டு வேலைகள் ஒரே ஃபோல்டரை உருவாக்கப் போனால், அது இல்லாவிட்டால் பிந்தியது பிழையோடு நிற்கும். மேக்ஃபைலைப் படிக்கும்போதே கமாண்டை ஓட்டிவிடும் ஷெல் ஃபங்ஷனில் எம்கேடிரைப் போட்டு மேக்ஃபைலின் தலையில் வைப்பவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்கவில்லை, பில்டை அழிக்கும் கிளீன் கொடுத்தால்கூட முதலில் ஃபோல்டரை உருவாக்கிவிட்டுத்தான் அழிக்கும்.

நின்ஜா என்ற இன்னொரு பில்ட் கருவியில் இந்தத் தொல்லையே கிடையாது, அவுட்புட் போகவேண்டிய ஃபோல்டரை அதுவே உருவாக்கிக்கொள்கிறது. மேக்கும் இதைச் செய்திருக்கலாம், அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு தருகிறேன். உங்கள் மேக்ஃபைல் சரியா என்று பார்க்க பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு எட்டு வேலைகளை இணையாக ஓட்டும் மைனஸ் ஜே 8 போட்டு ஓட்டுங்கள், அப்புறம் எதையும் தொடாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை எதுவும் கம்பைல் ஆகக் கூடாது.