ஷேர் பட்டனோடு மூன்று வருடம்

2022-இல் எங்கள் சோழிங்கநல்லூர் ஆபீஸ் டவுன்ஹாலில் துணைத் தலைவர் மைக்கைப் பிடித்து, "நீங்கள்தான் கம்பெனியின் முகம்" என்றார். மறுநாளே எல்லார் போனிலும், ஊழியர்கள் வழியே கம்பெனியை விளம்பரப்படுத்தும் ஒரு ஆப் வந்துவிட்டது. கம்பெனிச் செய்தி, கேப்ஷனோடு தயாராக வந்து விழும். தட்டினால் நம் பெயரில் லிங்க்ட்இன்னில் ஏறிவிடும். ஷேருக்குப் பத்து பாயிண்ட், மாதக் கடைசியில் முதலிடத்துக்கு ஆயிரம் ரூபாய் கூப்பன்.

முதல் மாதம் நான் நாலாவது இடம். பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் கேப்ஷனின் கடைசி வரியில் 'உங்கள் சொந்தக் கருத்தை இங்கே எழுதவும்' என்று இருந்ததைக்கூடப் பார்க்காமல் எங்கள் டீமில் ஏழு பேர் அப்படியே ஏற்றிவிட்டோம். கும்பகோணத்து மாமா மட்டும் அக்கறையாக, "புது வேலையா மாப்ள? வாழ்த்துகள்" என்று கமெண்ட் போட்டிருந்தார். அன்றைக்கே, நாம் தட்டாமலே பதிவு ஏறிவிடும் ஆட்டோ ஷேரை அணைத்தேன்.

கட்டாயமில்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் திங்கள்கிழமை ரிவ்யூவில் மேனேஜர் அந்தப் பாயிண்ட் பட்டியலைத் திரையில் போடுவார். 'கம்பெனியின் முகம்' என்று சொன்ன துணைத் தலைவரின் பக்கத்தில் மூன்று மாதமாக ஒரு பதிவும் இல்லை!

உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் மாற்றி முடித்து, டீக்கடையில் நின்ற படத்தோடு என் வார்த்தையில் நாலு வரி எழுதினேன். பழைய ஆபீஸ் நண்பர் அதைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டார். இப்போது என் எதிர் சீட்டில் இருக்கிறார். ரெஃபரல் பணம் எனக்கு. அந்தப் பதிவுக்கு ஆப்பில் ஒரு பாயிண்ட்கூடக் கிடையாது, அவர்கள் கொடுத்த செய்தி இல்லையாம்.

இப்படி ஒரு ஆப் வாங்க நினைக்கும் கம்பெனிகளுக்கு: லிங்க்ட்இன்னே 2015-இல் எலிவேட் என்று இதற்காகத் தனியாக ஒன்று தொடங்கி, 2020 கடைசியில் மூடி, அந்த வசதிகளைக் கம்பெனிப் பக்கங்களுக்குள் கொண்டுபோய்விட்டது. சின்ன கம்பெனிக்கு அப்போது அதுவே போதுமாக இருந்தது. இன்னொன்று, இந்திய விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான விளம்பரத் தரக் கவுன்சில் (ASCI) இன்ஃப்ளூயன்சர்களுக்கு 2021-இல் கொண்டுவந்த விதிகளில், வெளிப்படையாகச் சொல்லவேண்டிய தொடர்புகளில் வேலை உறவும் உண்டு. எங்கள் ஆப் தரும் கேப்ஷனில் 'நான் இங்கே வேலை பார்க்கிறேன்' என்று ஒருமுறைகூட வந்ததில்லை, நான்தான் கையால் சேர்க்கிறேன்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். ஆப் இன்னும் போனில் இருக்கிறது, ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் மட்டும் திறக்கிறேன்.