காலேஜ் ஃபுட்பால் 25: லைன்பேக்கருக்கு வேகம் முக்கியமா, ஆட்டத்தைப் படிக்கும் அறிவு முக்கியமா?

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை வைத்து இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட ‘காலேஜ் ஃபுட்பால் 25’ என்ற வீடியோ விளையாட்டை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக ஆடத்தான் வாங்குகிறார்கள். நான் தடுப்பாட்டக்காரன். முன்வரிசைக்கு நாலைந்து கஜம் பின்னால் நின்று எதிரணியின் திட்டத்தைக் குலைக்கும் லைன்பேக்கராகவே இதைப் பெரும்பாலும் ஆடியிருக்கிறேன். ஆகவே இந்த விமர்சனத்தில் ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்: உடல்திறனையும் ஆட்ட அறிவையும் தனித்தனி எண்களாகப் பிரித்துக் காட்டும் இந்த விளையாட்டு, அவ்விரண்டையும் நியாயமாக எடைபோடுகிறதா?

முதலில் வாங்குபவர் அறிய வேண்டிய விவரங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை வைத்து இந்நிறுவனம் இதற்கு முன் வெளியிட்டது 2013-இல் வந்த ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’. மாணவ வீரர்களின் உருவத்தையும் அடையாளத்தையும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாமா என்ற வழக்குகளால் அத்தொடர் நின்றுபோனது. இம்முறை ஒப்புதல் அளித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்து, முதல்நிலைப் பிரிவின் அப்போதைய 134 அணிகளையும் உண்மைப் பெயர்களோடு சேர்த்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றில் மட்டுமே ஓடும்; கணினிப் பதிப்பு கிடையாது. அமெரிக்காவில் வெளியீட்டு விலை 69.99 டாலர். பெங்களூரில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எளிய வழி, விடுமுறைக்கு அங்கிருந்து வரும் உறவினரிடம் வட்டாகவே கொண்டுவரச் சொல்வதுதான். பிளேஸ்டேஷன் 5 வட்டுகளுக்கு நாட்டு எல்லை இல்லை. அல்சூரில் என் வீட்டுப் பெட்டியில் அந்த வட்டு தடையின்றி ஓடுகிறது.

லைன்பேக்கரின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது விளங்காது. பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து நகர்ந்த கணத்தில், வருவது ஓட்டமா எறிதலா என்பதை லைன்பேக்கர் முடிவு செய்தாக வேண்டும். ஓட்டமென்றால் முன்னே பாய்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். எறிதலென்றால் பின்வாங்கி வெளியைக் காக்க வேண்டும். அதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் வழி, பந்தைப் பார்க்காமல் எதிரணி முன்வரிசையில் நிற்கும் கார்டைப் பார்ப்பது. அவர் தலை தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். கண்டீரவா உள்ளரங்கில் கபடி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தேர்ந்த தடுப்பாளர் ரெய்டரின் கையைப் பார்ப்பதில்லை, இடுப்பைத்தான் பார்க்கிறார்.

கல்லூரி ஆட்டத்தின் விதிகள் இந்தப் படிப்பைத் தொழில்முறை ஆட்டத்தைவிடக் கடினமாக்குகின்றன. எறிதல் ஆட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் எவ்வளவு தூரம் முன்னே போகலாம் என்பதற்குத் தொழில்முறையில் ஒரு கஜமே எல்லை. கல்லூரியில் மூன்று கஜம். ஆகவே, பந்து கையில் இருக்கும்போதே ஓடுவதா எறிவதா என்று தீர்மானிக்கும் ஆர்பிஓ ஆட்டங்களில், கார்டு ஓட்டத்துக்குரிய பாய்ச்சலைச் சட்டப்படியே காட்டிக்கொண்டிருக்க, பந்து லைன்பேக்கரின் தலைக்கு மேலாகப் போய்விடும். அவன் கற்ற பாடமே அவனைக் கவிழ்க்கிறது. இன்னொன்று திடலின் அமைப்பு. பந்து வைக்கப்படும் இரு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே தொழில்முறைத் திடலில் 18.5 அடிதான், கல்லூரித் திடலில் 40 அடி. 160 அடி அகலமான திடலில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். அந்தப் பரப்பைக் கால் வேகம் மட்டுமே கடக்கும். எவ்வளவு கூர்மையான அறிவும் அத்தூரத்தைக் குறைத்துத் தராது.

2024 பருவத்திலிருந்து முதல்நிலைப் பிரிவில் தடுக்கும் அணியில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் பேசலாம் என்று அனுமதித்தார்கள். பெரும்பாலும் நடு லைன்பேக்கரே அந்தக் கவசத்தை அணிகிறார். ஆனால் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதற்கான 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது ஒலி துண்டிக்கப்படும். எதிரணி வரிசையை மாற்றி ஏமாற்று வேலைகளைத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கடைசிப் பதினைந்து நொடியில் லைன்பேக்கர் தன் சொந்த அறிவோடு தனியாக நிற்கிறார்.

விளையாட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு வீரருக்கும் 99 வரையிலான எண்கள் தரப்பட்டிருக்கின்றன. ஸ்பீட், ஆக்சிலரேஷன், பர்சூட் ஆகிய உடல்திறன் எண்கள் ஒரு பக்கம். அவேர்னஸ், பிளே ரெகக்னிஷன் (வரும் ஆட்டத்தை இனம்காணுதல்) ஆகிய அறிவு எண்கள் மறுபக்கம். லைன்பேக்கர்களை லர்க்கர், தம்பர், சிக்னல் காலர் என்று மூவகையாகவும் பிரித்திருக்கிறார்கள்: வெளியைக் காப்பவர், மோதி வீழ்த்துபவர், அணியை வழிநடத்துபவர். காகிதத்தில் இது நேர்த்தியான ஏற்பாடு. ஆடத் தொடங்கியதும் இதில் ஒரு விசித்திரம் தெரிகிறது. இந்தத் தயாரிப்பைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுவே.

எங்கள் வீட்டில் இதை என்னோடு ஆடுபவன் என் அக்கா மகன். இங்கே பொறியியல் படிக்கிறான். அணியில் யார் வேகமோ அவனைத்தான் நடுவில் நிறுத்துவான்; மற்ற எண்களைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டான். “மாமா, வேகம் இருந்தா தப்பா போனாலும் திரும்பி ஓடிப் பிடிச்சிடலாம். மூளை இருந்து கால் இல்லேன்னா, எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்” என்பது அவன் வாதம். நான் எதிர்த்துப் பேசினேனே தவிர, அவன் கட்டுப்படுத்தும் லைன்பேக்கரிடம் என் ஓட்டங்கள் எடுபடவில்லை. காரணத்தை யோசித்தபோதுதான் விளங்கியது: கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் ஒரு மனிதரின் கையில் இருக்கும்போது அந்த வீரரின் ஆட்ட அறிவுக்கான எண்ணுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. கார்டைப் படிப்பது மருமகனின் கண். முடிவெடுப்பது அவன் மூளை. விளையாட்டிலிருந்து அவன் கடன் வாங்குவது கால்களை மட்டுமே. அப்படியிருக்க, கால்களுக்கு மட்டும் அவன் விலை கொடுப்பது அறிவுடைமைதான்.

கையை எடுத்துவிட்டு, அதே வீரரைக் கணினியின் பொறுப்பில் விட்டால் கதை மாறுகிறது. பிளே ரெகக்னிஷன் குறைவாக உள்ள வேகக்காரன், ஓட்டம் போலக் காட்டி எறியும் ஒவ்வொரு ஏமாற்றுக்கும் முன்னே பாய்கிறான். அவன் விட்டுச்சென்ற வெளியில் எதிரணி நிதானமாகப் பந்தைப் பிடிக்கிறது. அந்த எண் உயர்ந்தவன், வேகம் குறைந்தவனாக இருந்தாலும், ஏமாற்றுக்கு அசையாமல் நிற்பதையும், ஓட்டம் வரும் இடைவெளியில் முன்கூட்டியே போய் நிற்பதையும் பார்க்க முடிகிறது. கடினமான ஹைஸ்மன் நிலையில் ஆடினால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இதை அறிந்த பிறகு நான் மருமகனுக்கு எதிராக ஆடும் முறையை மாற்றிக்கொண்டேன். விவரமறிந்த நடு லைன்பேக்கரைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசி வரிசையில் நிற்கும் தடுப்பாளரான வேகமான சேஃப்டியை என் கையில் எடுத்துக்கொள்கிறேன். முடிவுகள் முன்பைவிட மரியாதையாக இருக்கின்றன.

அணியை ஆண்டுக்கணக்கில் நடத்தும் டைனஸ்டி முறையில் இக்கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. பள்ளியிலிருந்து வரும் இளைஞர்களின் அறிவு எண்கள் தாழ்ந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் அவை ஏறும். வேகம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. எனவே காலைப் பார்த்து எடுத்து மூளையை வளர்த்துக்கொள்ளலாம் என்பதே இயல்பான உத்தி. அசல் பயிற்சியாளர்கள் பலரும் பேசுவது இதைத்தான். ஆனால் வளர்த்த பிறகு அவன் நம்மிடமே இருப்பானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 2018-இல் வந்த, வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இந்த விளையாட்டிலும் இருக்கிறது. இரண்டு பருவம் உட்காரவைத்து நான் பழக்கிய லைன்பேக்கர், படிக்கத் தெரிந்துகொண்ட வருடத்திலேயே வேறு கல்லூரிக்குப் போனான். அதன் பின், போர்ட்டலில் வரும் மூத்த, சுமாரான வேகமுள்ள, ஆட்டம் தெரிந்த வீரர்களை எடுப்பதே மேல் என்று தோன்றியது.

எண்களுக்கு வெளியே, அசல் வீரர்களின் வரலாறும் ஒரே பக்கம் சாய்வதில்லை. பாஸ்டன் கல்லூரியின் லூக் கீக்லி, எதிரணியின் ஆட்டத்தைப் பந்து நகரும் முன்பே உரக்கச் சொல்லிவிடுவார் என்று பெயர் பெற்றவர். 2011-இல் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதையும், 2013-இல் தொழில்முறையின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வென்றார். அவரை அறிவுக்கு உதாரணமாகக் காட்டுபவர்கள், 40 கஜத்தை அவர் 4.58 நொடியில் ஓடியவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். நோட்டர் டேமின் மான்டை டேயோ 2012 பருவத்தில் ஏழு பந்துகளை இடைமறித்து, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றவர். ஆனால் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நடக்கும் முகாமில், அதே 40 கஜத்தை அவர் ஓடிய நேரம் 4.82 நொடி. முதல் சுற்றில் அவரை யாரும் எடுக்கவில்லை. மறுபுறம், கிளெம்சனின் ஐசையா சிம்மன்ஸ் 238 பவுண்டு எடையோடு 4.39 நொடியில் ஓடினார்; 2019-இன் பட்கஸ் விருதும் அவருக்கே. 2020-இல் எட்டாவது தேர்வாக அவரை எடுத்த அரிசோனா, நிலையான ஓரிடம் அமையாமல் பல இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துவிட்டு, 2023-இல் ஏழாம் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஈடாக நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்தது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அறிவு உதவாது. அந்த வேகம் இருக்கும் இருவருக்கிடையே அறிவே தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கும் இந்த விளையாட்டில் அந்த வரிசைமுறை தெரிவதில்லை.

ஒரே வீரராக வாழும் ரோட் டு குளோரி முறையில் நடு லைன்பேக்கராகவும் ஆடலாம். இரண்டு நட்சத்திர மாணவனாகத் தொடங்கி, பயிற்சியாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்து மேலேறுவது இனிமையான ஏற்பாடு. வாரந்தோறும் கிடைக்கும் நேரத்தைப் படிப்புக்கும் பயிற்சிக்கும் பிரித்துக்கொடுக்க வேண்டியிருப்பது முதலில் ரசமாக இருந்தாலும், சில பருவங்களில் ஒரே பட்டியலை மறுபடி மறுபடி அழுத்தும் வேலையாகிவிடுகிறது. ஆனால் திடலில் இறங்கியதும், கேமரா நம் முதுகுக்குப் பின்னால் நின்று எதிரணி வரிசையைக் காட்டுகிறது. அந்தக் கோணத்தில் கார்டைப் படிக்கப் பழகியவர், சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நம் நேரப்படி தொடங்கும் அசல் ஆட்டங்களையும் வேறு கண்ணோடு பார்ப்பார். கிறிஸ் ஃபவுலர், கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட் வருணனையும், அரங்கங்களின் இரைச்சலும் அருமை. எதிரணி மைதானத்தில் இரைச்சல் கூடும்போது இளம் குவார்ட்டர்பேக்கின் ஆட்ட வரைபடக் கோடுகள் நெளிந்து குழம்புவது நல்ல கற்பனை. ஏமாற்றப்படும் லைன்பேக்கரின் குழப்பத்துக்கும் இப்படியொரு காட்சி வடிவம் கொடுத்திருக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்டால், இருவராக உட்கார்ந்து ஆட ஆள் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். தனியாக ஆடுபவர்கள், பள்ளிப் பருவ ஆட்டங்களையும் ரோட் டு குளோரியில் சேர்த்து 2025 ஜூலையில் வந்த ‘காலேஜ் ஃபுட்பால் 26’-ஐயே எடுப்பது நல்லது. விதிகளே தெரியாதவர்கள் பயிற்சி முறையில் தடுப்பாட்டத்தைத் தேர்ந்து, முதல் சில நாள்கள் நடு லைன்பேக்கரை அசைக்காமல் கணினியிடம் விட்டு, அவன் யாரைப் பார்த்து எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதை மட்டும் கவனித்துவிட்டுப் பிறகு பொத்தானைத் தொடலாம்.