ஒன்பது மார்கழி, ஒரு பரண்: போகிச் சுத்தத்தில் தேறியவையும் தேறாதவையும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூலை முழுக்கத் துப்புரவுச் சாமான்கள். கைப்பிடி உடைந்த மாப், மூன்று வகைப் பிரஷ், பாதி தீர்ந்த திரவ பாட்டில்கள், பெட்டியோடு ஒரு வாக்குவம் கிளீனர். எல்லாம் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதற்காக ஆண்டுதோறும் வாங்கியவை. சென்ற போகிக்குப் பரணை ஒழித்தபோது முதலில் தூசு தட்ட வேண்டியிருந்தது இவற்றைத்தான். 2017 மார்கழியில் கோவையில் இந்தப் பழைய மொசைக் தரை வீட்டுக்குக் குடிவந்தோம். அதற்குப் பிறகான ஒன்பது மார்கழிகளில் எதை வாங்கி ஏமாந்தேன், எது கையோடு நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு, போகிக்கு இரண்டு நாள் முன்னால் விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். குளியலறைச் சுவரில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்தேன். கறை அசையவில்லை. பொறுமை இழந்து, அதன்மேலேயே கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஊற்றினேன். மறுநொடி கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சை இழுக்க இழுக்க இருமல். ப்ளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். குளியலறையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. கதவு திறந்திருந்ததால் தப்பினேன். இரண்டு நாள் இருமியபடிதான் அந்தப் பொங்கல் கழிந்தது. அன்று ஓடிவந்த அவசரத்தில் கூடத்துத் தரையில் சிந்திய ஆசிட், உள்ளங்கையளவு மங்கலாக இன்றும் அப்படியே இருக்கிறது. மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து இழைத்த தரை. சிமெண்டையும் பளிங்கையும் அமிலம் தின்றுவிடும். அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய், விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். இப்போது அதன்மேல் ஒரு மோடா போட்டு வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு என் வீட்டில் ஆசிட் இல்லை. குழாய்க் கறைக்கு எலுமிச்சை உப்புதான். சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் மளிகைக் கடையிலேயே தருவார்கள். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வரும் சமையலறைக் குழாய் வருடம் முழுக்கப் பளிச்சென்று இருக்கும். போர் தண்ணீர் வரும் குளியலறைக் குழாய்களில் ஆறே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறிவிடும். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் போதும். பிறகு துடைத்தாலே வந்துவிடும். ஷவர் தலையைக் கழற்றி அதிலேயே ஊறப் போடலாம். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வீடு முழுக்க ஊறுகாய் வாடை. இரண்டையுமே மொசைக் தரைப்பக்கம் கொண்டு போகாதீர்கள். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்க வைக்கும் காணொளிகளைப் பார்த்து நானும் ஓர் ஆண்டு செய்து பார்த்தேன். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். நுரையைப் பார்க்க அழகாக இருந்தது.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடா அல்ல, சலவைச் சோடா. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகள், அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரிக் கதவுகள், மசாலா டப்பாக்களின் மூடிகள் எல்லாவற்றுக்கும் கொதிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டால் போதும். பழுப்பு நிறப் பிசின் மாதிரி ஒட்டியிருப்பது, பத்து நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். கையுறை கட்டாயம், இல்லையென்றால் பொங்கலன்று விரல் நுனியெல்லாம் உரிந்திருக்கும். இதில் என் முட்டாள்தனம் 2019-இல் நடந்தது. அதே தண்ணீரில் அலுமினிய இட்லிப் பானையையும் முக்கிவிட்டேன். எடுத்தபோது கரிச்சட்டியாக இருந்தது. காரம் அலுமினியத்துக்கு ஆகாது. அத்தை ஒன்றும் சொல்லாமல் அதில் தண்ணீர் ஊற்றி, பிழிந்த எலுமிச்சைத் தோல்களைப் போட்டுக் கொதிக்க வைத்தார். முக்கால் பங்கு வெளுத்தது. மீதிக் கால் பங்கை ஒவ்வொரு இட்லி நாளும் பார்க்கிறேன்.

ஏணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் வாங்கியவற்றில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். ஐந்து படி, அலுமினியம், மேல்படியில் பிடித்துக்கொள்ள ஒரு வளைவு. அதற்கு முன்னால் மேசைமேல் முக்காலி வைத்து ஏறுவோம். கீழே ஒருவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒட்டடை விழ விழத் திட்டிக்கொண்டிருப்பார். ஏணி வந்த பிறகு ஒருவரே பரணை ஒழிக்க முடிகிறது. நீட்டி மடக்கும் ஒட்டடைக் கோலும் நன்றாகத்தான் உழைக்கிறது, ஆனால் அதன் பூட்டு இரண்டாம் ஆண்டே நழுவ ஆரம்பித்தது. இப்போது இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.

மின்விசிறிக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுக்கும் உத்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். படுக்கையறை விசிறிக்கு அது அருமை: தூசு முழுவதும் உறைக்குள்ளேயே விழுந்துவிடும். சமையலறையை ஒட்டிய கூடத்து விசிறிக்கு அது பலிக்காது. அங்கே தூசு எண்ணெயோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணிதான் வழி. இறக்கையை அழுத்தித் தேய்க்காமல், அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு துடையுங்கள். நான் அழுத்தித் துடைத்த ஆண்டு இறக்கை லேசாக வளைந்து, விசிறி தை மாதம் முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது.

வாக்குவம் கிளீனர் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: கிடைத்தால் இரவல் வாங்குங்கள். மெத்தை, சோபாவின் இடுக்கு, ஜன்னல் சட்டம் நகரும் பள்ளம் ஆகியவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. முதன்முறை மெத்தையை உறிஞ்சிவிட்டுப் பையைத் திறந்தபோது, திருநீறு போன்ற மெல்லிய சாம்பல் தூசு ஒரு குவளை இருந்தது. அதன்மேல்தான் இத்தனை நாள் தூங்கினோம் என்று மகன் அன்று இரவு பாயில் படுத்தான். ஆனாலும் ஆண்டுக்கு ஐந்து நாள் ஓடும் யந்திரத்துக்கு ஐம்பத்திரண்டு வாரமும் பரணில் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுழற்றிப் பிழியும் வாளி மாப் அதைவிட மோசம். இரண்டாம் ஆண்டு வாளியின் கூடை உடைந்தது. தலையை மட்டும் கழற்றிப் பழைய கொம்பில் மாட்டிக்கொண்டேன்.

மருமகளின் இந்த ஆராய்ச்சிகளை அத்தை பெரிதாக மதிப்பதில்லை. அவருடைய ஆயுதம் புளி. ஊறிய பழைய புளியோடு கல்லுப்பு சேர்த்துக் குத்துவிளக்கைத் தேய்ப்பார். புளியின் அமிலத்தில் கறுப்பு கரைந்து ஓடும். நான் ஒருமுறை, ஊறினால் நன்றாகப் போகும் என்று புளியைப் பூசி மணிக்கணக்கில் விட்டுவிட்டேன். விளக்கு இளஞ்சிவப்பாகிவிட்டது. பித்தளையிலிருந்த துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு வெளியே தெரிந்தது. "புளி போட்டால் பக்கத்திலேயே இருக்கணும் கண்ணு, பாலைப் பொங்க வைக்கிற மாதிரி" என்றார். தேய்த்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால் மறுநாளே புள்ளி விழும்.

நாட்கணக்குக்கு வருகிறேன். இரண்டு நாளில் முடிப்பது என்ற எண்ணத்தைக் கைவிட்டதுதான் நான் செய்த மிகப் பெரிய முன்னேற்றம். இப்போது மார்கழி முதல் ஞாயிறு பரண், இரண்டாவது சமையலறை, மூன்றாவது அறைகள், கடைசியாகக் குளியலறை. மார்கழி முதல் பாதியில் சில ஆண்டுகள் மழை பிசுபிசுக்கும். அதனால் மெத்தை, தலையணை, போர்வையெல்லாம் ஜனவரி பிறந்த பிறகுதான் மொட்டை மாடிக்குப் போகும். சமையலறையை ஏன் இரண்டாவதாக வைத்தேன் என்றால், அதைக் கடைசிக்குத் தள்ளிய ஆண்டுகளில் அலுத்துப்போய், டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவிட்டு அலமாரியின் உட்புறத்தைப் பார்க்காததுபோல் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஒரு நாளில் ஓர் இடம், மேலிருந்து கீழே, காய்ந்த தூசு முழுவதும் போன பிறகே தண்ணீர். ஈரத் துணியைக் கையில் எடுத்துவிட்டு ஒட்டடையைப் பார்ப்பவர்கள், சேற்றைத்தான் துடைப்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்த ஞாயிறுகளுக்குத் தனிச் சம்பளம். பண்டிகை வருகிறது என்பதற்காக மாதச் சம்பளத்திலேயே பரணையும் சேர்த்துக் கழுவச் சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி. அவர் வீட்டுக்கும் போகி உண்டு.

பரணில் அழுக்கைவிடப் பெரிய சிக்கல் சாமான்தான். வாரண்டி முடிந்து ஆறு ஆண்டான மிக்ஸியின் அட்டைப்பெட்டியை ஏன் வைத்திருந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு போகிக்கு இடையில் ஒருமுறைகூடக் கீழே இறங்காத பொருளைக் கொடுத்துவிடுவது என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டப்படி அத்தையின் சீர் அண்டா பழைய பாத்திரக் கடைக்குப் போக வேண்டியது. அவர் விடவில்லை. நாலு மாதம் கழித்து வீட்டில் ஒரு விசேஷம், முப்பது பேருக்கு வெந்நீர் போட அந்த அண்டாதான் இறங்கியது. சட்டத்தில் இப்போது அண்டாவுக்கு விலக்கு உண்டு. பழைய துணி, தாள், டயர் எதையும் எரிப்பதில்லை; சென்னையில் போகிப் புகை பனியோடு கலந்து விமானங்களையே தாமதப்படுத்திய ஆண்டுகள் உண்டு. டியூப் லைட்டுகளை உடைக்காமல் தனியாகக் கட்டிக் கொடுக்கிறேன், உள்ளே பாதரசம் இருக்கிறது.

புத்தக அலமாரியில் ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன். வாசனை போனதும் மாற்ற வேண்டும், மறந்த ஆண்டு அட்டைகள் அரிக்கப்பட்டிருந்தன. பட்டுப் புடவைகளை அன்றே எடுத்து மடிப்பு மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றிவிடுவேன். அந்துருண்டையை நிறுத்திவிட்டேன், அந்த நெடியில் எனக்குத் தலைவலி.

போகிக்கென்று புதுப் பூந்துடைப்பம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பண்டிகைக்கு முதல்நாள் வாங்காதீர்கள். புதுத் துடைப்பம் உதிர்க்கும் பூந்தூசியே ஒரு முறம் இருக்கும். மார்கழி தொடக்கத்திலேயே வாங்கி, வாசலில் நன்றாகத் தட்டி, பழைய சீப்பால் வாரிவிட்டால் போகிக்குள் அடங்கிவிடும்.

சென்ற போகியன்று மாலை நாலு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் முதல்முறை. திண்ணையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டிருந்தேன். காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைக் கொத்துகளோடு அத்தை வந்தார். நிலைப்படியின் மேலே செருகச் செருக, பூளையின் வெள்ளைப் பஞ்சு கழுவிய திண்ணை முழுக்கக் கொட்டியது. நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"அதை விடு கண்ணு" என்றார் ஏணியின் மூன்றாம் படியிலிருந்து. "இன்னும் மாட்டுக் கொட்டகைக்கு வேறு கட்டணும்."

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. கார் நிற்கும் ஷெட்டைத்தான் அவர் இன்றும் அப்படிச் சொல்கிறார். அங்கேயும் ஒரு கொத்துக் கட்டினோம். கார் கண்ணாடியில் விழுந்த பஞ்சைப் பொங்கல் முடியும்வரை நான் தொடவில்லை.