திருநெல்வேலி அனெக்ஸா, டவுன் ஃபிளாட்டா?

என் தங்கைக்கு யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றம் வந்திருக்கிறது. தாதி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும், தனியாகத்தான் இருக்கப் போகிறாள். அவளுக்கென்று இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒழுங்கைக்குள் ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வளவுக்குள்ளேயே வாடகைக்கு விடும் சின்ன வீடு. மற்றது ஸ்ரான்லி வீதிப் பக்கம் மூன்று மாடிக் கட்டடத்தில் ஓர் அறை ஃபிளாட். இரண்டு வகை வீட்டிலும் நான் வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றைப் பாருங்கள், அறையைப் பிறகு பார்க்கலாம். இங்கே நாம் குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத் தண்ணீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மலக்குழிக்குள் போனது கிணற்றுக்கு வந்து சேர நெடுநாள் எடுக்காது. கழிவுநீருக்கென்று நகரம் முழுக்கப் பொதுக் குழாய் இல்லாததால் வீட்டுக்கு வீடு குழி. சின்னக் காணியில் மூன்று மாடி கட்டி ஆறு குடும்பத்தை ஏற்றினால் குழியும் கிணறும் எவ்வளவு கிட்ட வரும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பார்த்த ஃபிளாட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு ஓட்டோ நிற்கிற இடம்தான் இருந்தது. அங்கே போனால் குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அனெக்ஸ் இருக்கும் வளவு பெரிது. குழி பின்மதில் ஓரம், கிணறு முன்பக்கம். தண்ணீரும் வாய்க்கு நன்றாக இருக்கிறது. குருநகர், நாவாந்துறை என்று கடற்கரைப் பக்கம் போகப் போகத்தான் உவர்ப்பு ஏறும். ஆனால் தோட்டங்களுக்குக் கிட்ட இருக்கும் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தை உள்ளவர்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் எந்த அனெக்ஸுக்கும் போக வேண்டாம். கேத்தலில் வெள்ளைப் படிவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அதற்காக ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கத் தேவையில்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போனபோது நான் ஃபிளாட்டில் இருந்தேன். மோட்டர் ஓடவில்லை, மேல்தாங்கி மத்தியானத்துக்குள் காலி. மூன்றாம் மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த நாட்கள் அவை. கப்பியும் கயிறும் இருக்கிற கிணற்றடியின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெக்கையும் அப்படித்தான். ஃபிளாட்டின் மேல்மாடி கொங்கிறீற் கூரை பகல் முழுக்கக் காய்ந்து இரவில் அறைக்குள் சூட்டை விடும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாமல் தூக்கம் வராது, கரண்ட் பில் ஏறும். ஓட்டுக் கூரையும் மாமரமும் உள்ள அனெக்ஸில் ஒரு ஃபான் போதும். கூரைக்கு ஓட்டுக்குப் பதிலாகச் சீற் போட்ட அனெக்ஸ் என்றால் மேல்மாடியைவிட மோசம். மாரியில் ஒழுங்கைக்குள் வெள்ளம் நிற்கும், ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

இதுவரை அனெக்ஸ்தான் வெல்கிறது. ஆனால் அனெக்ஸ் எடுத்தால் வீட்டுக்காரரின் வாழ்க்கையையும் சேர்த்து எடுக்கிறோம். இரவு ஒன்பதரைக்கு கேற் பூட்டுவார்கள். மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கக் கூடாது என்பார்கள். “பிள்ளைக்குச் சொந்த இடம் எது?” என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஊரின் பெயரோடு நிற்காது, எந்தச் சாதி என்று அறியத்தான் கேட்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு “வீடு போயிட்டுது” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு படித்த ஊரில் இது இன்னும் நடப்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். ஃபிளாட்டில் அந்தக் கேள்வி அநேகமாக வராது. முற்பணம் கொடுத்தால் சாவி கையில்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரின் வீடென்றால் இன்னொன்றும் கேளுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வரும். “ஓகஸ்டில் நாங்கள் வந்து நிற்போம்” என்பது வாய்ப்பேச்சில் வராமல் பிறகு முளைக்கும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டப்படி நிற்கும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெறும் தாளில் கையெழுத்து வாங்கி ஆறு மாத முற்பணம் கொடுத்த நான், வெளியேறும்போது அதில் இரண்டு மாதக் காசைத் திரும்பக் காணவில்லை.

சரி, தங்கைக்கு எது? எனக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு திருநெல்வேலி. ஆனால் இரவு ஷிப்ட் மாறி வருகிறவள் கேற்றுக்கு வெளியே நின்று ஆரையும் எழுப்பக் கூடாது. வைத்தியசாலைக்கும் ஃபிளாட் கிட்ட. அதனால் ஃபிளாட்தான், மேல்மாடி வேண்டாம், நடுமாடி. குடிக்கத் தண்ணீர் வாங்குகிற காசைக் கழித்துத்தான் வாடகை பேசப் போகிறேன். கரண்ட் இல்லாத நாளுக்கு, கிணற்றடியில் ஒரு கப்பி போடச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.