ஈஐ ரிப்போர்ட்டை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்: 2,220 டொலர் திருப்பிக் கட்டுகிறேன்

போன சனிக்கிழமை கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கடை வாசலில் இளம் பிள்ளை ஒன்று கடித உறையோடு நின்றது. எந்தக் கதவு திறக்கக் காத்து நிற்கிறது என்று பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதைத்தது. போன வருடம் நானும் அதே இடத்தில் அப்படித்தான் நின்றேன். அந்தப் பிள்ளையோடு கதைத்துவிட்டு வந்த பிறகுதான், ஈஐ, அதாவது வேலை போனவர்களுக்குக் கனடா அரசாங்கம் தரும் காப்புறுதிக் காசு பற்றி இதை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எட்டு வருடம் ஒரு பக்கிங் பக்டரியில் வேலை செய்தேன். நத்தார் முடிந்த கையோடு ஓடர் இல்லை என்று எங்களில் பலரை நிறுத்தினார்கள். அப்போது கிழமைக்குச் சராசரியாக 800 டொலர் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கிலிஷ் கதைப்பேன், ஆனால் அரசாங்கப் படிவம் என்றால் எனக்குப் பயம். ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் காசு நின்றுவிடுமோ என்ற பயம். கோயிலில் சந்தித்த அக்கா ஒருவர் இந்த ஆளைப் பற்றிச் சொன்னா. ஒரு கடையின் பின் அறையில் மேசை போட்டு வரி, விசா, ஈஐ எல்லாம் செய்து கொடுக்கிறவர். எங்கட ஆள்தான்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எல்லாத்தையும் நான் பாக்கிறன்" என்றார்.

விண்ணப்பத்துக்கு 150 டொலர், பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரிப்போர்ட் (வேலை செய்தீர்களா, எவ்வளவு உழைத்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில்) போட 20 டொலர். எல்லாம் கைக்காசு, பற்றுச்சீட்டு கிடையாது. ஈஐக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. சின் நம்பரையும் (சமூகக் காப்புறுதி இலக்கம்), ரிப்போர்ட் போடத் தபாலில் வந்த நான்கு இலக்க அக்செஸ் கோட்டையும் (இரகசிய இலக்கம்) அவரிடமே கொடுத்தேன். அந்த நான்கு இலக்கம் என்னுடைய கையெழுத்துக்குச் சமம். அதைப் போட்டு யார் என்ன பதில் சொன்னாலும் சொன்னது நான்தான்.

காத்திருக்கும் ஒரு கிழமை போனபின் காசு வரத் தொடங்கியது. என் சராசரியில் 55 வீதம், அதாவது கிழமைக்கு 440 டொலர், வரி கழிக்க முதல். சித்திரை மாதம் ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை கிடைத்தது, கிழமைக்கு 300 டொலர். உடனே அவருக்கு போன் எடுத்து, "அண்ணை, வேலை கிடைச்சிட்டுது, ரிப்போர்ட்டில சொல்லவேணுமெல்லோ?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்லாதேங்கோ. சொன்னா ஈஐயை முழுசா வெட்டிப்போடுவாங்கள். சம்பளம் வங்கிக்கு வரட்டும், கையில வந்த காசைப் பிறகு போடுவம்."

இந்த ஒரு பதிலில் மூன்று பிழை இருக்கிறது. மூன்றையும் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இதையே வேறு ஆட்களும் சொல்லித் திரிகிறார்கள்.

பகுதிநேர வேலை செய்தால் ஈஐ முழுதாக நிற்காது. உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் ஈஐயில் 50 சதம்தான் குறைப்பார்கள். நான் 300 உழைத்தால் 150 குறையும், ஈஐ 290 வரும். சம்பளத்தோடு சேர்த்தால் 590. சும்மா வீட்டில் இருந்து 440 எடுப்பதை விட இது கூட. பழைய சராசரிச் சம்பளத்தில் 90 வீதம் வரைக்கும், என் கணக்கில் 720 டொலர் வரைக்கும், இப்படித்தான். அதற்கு மேலே உழைப்பது டொலருக்கு டொலர் வெட்டுப்படும். உண்மையைச் சொல்லியிருந்தாலும் எனக்கு லாபம்தான் என்பதை நினைக்க இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்தது, சம்பளம் எப்போது வங்கிக்கு வருகிறது என்பது கணக்கில்லை. எந்தக் கிழமையில் வேலை செய்தீர்களோ அந்தக் கிழமையில் போடவேண்டும். ஈஐ கணக்கில் கிழமை ஞாயிறு தொடங்கிச் சனி வரை. பேக்கரியில் சம்பளம் பிந்தித்தான் வரும். அதனால் வேலை செய்த மணித்தியாலங்களை நானே ஒரு கொப்பியில் எழுதிவைத்து மணிச் சம்பளத்தால் பெருக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவேண்டியதும் கையில் வருகிற காசு இல்லை, வரியும் மற்றதும் கழிக்க முதல் உள்ள முழுத் தொகை.

பிறகு போடுவம் என்றவர் போடவே இல்லை. நான் பேக்கரியில் நின்ற ஆறு கிழமையும் "வேலை செய்தீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று அடித்திருக்கிறார். அதுவும் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் ஒரு வெயார்ஹவுஸில் முழுநேர வேலை கிடைத்தது, பேக்கரியை விட்டேன். புது இடத்தில் மூன்றாம் கிழமைதான் முதல் சம்பளம் வரும். வாடகை நாள் கிட்டி வந்தது. "முதல் சம்பளம் வருமட்டும் ஈஐ எடுக்கலாம் தங்கச்சி, எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றார். நம்பினேன். ஆனால் முழுநேரமாக வேலை செய்த கிழமைக்கு ஈஐ கிடையாது, சம்பளம் எப்போது வந்தாலும் சரி. முழுநேர வேலை தொடங்கிவிட்டீர்களா என்று ரிப்போர்ட்டிலேயே கேட்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில், ஈஐயைப் பார்க்கிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. வேலை கொடுத்தவர்களின் பதிவுகளோடு என் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பேக்கரியில் நின்ற ஆறு கிழமைக்கு 150 டொலர்படி 900, வெயார்ஹவுஸில் முதல் மூன்று கிழமைக்கு 440 டொலர்படி 1,320. மொத்தம் 2,220 டொலர். பொய்யான தகவல் கொடுத்ததற்கு விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

அவரிடம் ஓடினேன். "நீங்கள் சொன்னதைத்தானே நான் போட்டனான்" என்றார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

காசை விட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. பொய்த்தகவலுக்கு மீறல் என்று பதிந்துவிட்டால், அடுத்த முறை வேலை போய் ஈஐ கேட்கும்போது மற்றவர்களை விட கூடுதலான மணித்தியாலம் காட்டவேண்டும். வழக்கமாக இடத்தைப் பொறுத்து 420 இலிருந்து 700 மணித்தியாலம் தேவை. மீறலின் அளவைப் பொறுத்து அது கால் பங்கு தொடங்கி இரண்டு மடங்கு வரை கூடும். பக்டரி, வெயார்ஹவுஸ் என்று எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாத வேலை செய்கிற எங்களுக்கு அது பெரிய அடி.

ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். காசு வாங்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். அந்த ஆள் எனக்கு அனுப்பிய மெசேஜ்களை நான் அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. கடைசியில் அபராதம் போடாமல் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். ஆனால் 2,220 டொலரும் என் தலையில்தான். மாதம் 150 கட்டுகிறேன், பதினைந்து மாதம் எடுக்கும். உங்களுக்கு வந்த முடிவு பிழை என்று பட்டால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்; அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. ஈஐ எடுக்கும்போது ஊருக்குப் போனால் சொல்லத் தேவையில்லை என்றும் அவர் சிலரிடம் சொல்லியிருக்கிறார். கலியாணம், திருவிழா என்று போகிறவர்கள் கவனம். கனடாவுக்கு வெளியே நிற்கிற நாட்களைக் கட்டாயம் சொல்லவேண்டும், பெரும்பாலும் அந்த நாட்களுக்குக் காசு கிடையாது.

கடை வாசலில் சந்தித்த அந்தப் பிள்ளையும் நானும் அன்றைக்குப் பக்கத்து நூலகத்துக்குப் போனோம். கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன், பதிலை அவளே அடித்தாள். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

அக்செஸ் கோட்டை ஏற்கனவே யாரிடமாவது கொடுத்தவர்கள் இன்றைக்கே சேர்விஸ் கனடாவின் 1-800-206-7218 க்கு எடுத்து விசயத்தைச் சொல்லுங்கள். போன ரிப்போர்ட்டுகளில் என்ன போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். பிழை இருந்தால் நீங்களாகவே சொல்லித் திருத்துங்கள். அவர்கள் விசாரணை தொடங்க முதல் சொன்னால், கூடுதலாக எடுத்த காசை மட்டும் கட்டினால் போதும், அபராதம் வராது. எனக்கு அந்த வழி இருந்தது தெரியவந்தபோது கடிதம் கையில் இருந்தது.