16 இன்ச்சா, 18 இன்ச்சா? மின்சாரக் காரின் ரேஞ்சைக் குறைப்பது சக்கரமா, சாலையா?

போன மாதம் தங்கை வீட்டுக்காரர் போனில் கேட்டார். "மச்சான், வண்டிக்கு 18 இன்ச் அலாய் போடலாம்னு இருக்கேன். ரேஞ்ச் ஒண்ணும் குறையாதுன்னு கடைக்காரர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

அவருடையது 40 யூனிட் பேட்டரி உள்ள சின்ன எஸ்.யூ.வி. வாங்கும்போதே வந்தது 16 இன்ச் ரிம், 215/60 டயர் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்). வாரத்தில் ஐந்து நாள் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே ஓட்டம். மாதம் ஒரு தடவை திருச்சி. எப்போதாவது ஊட்டி.

"யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை" என்று போனை வைத்தேன். ரேஞ்ச் என்றால் ஒரு முழுச் சார்ஜில் வண்டி ஓடும் தூரம். அவர் கேட்டது ஒரு கேள்வி, ஆனால் அதற்குள் மூன்று இருந்தன. ரிம் எவ்வளவு பெரிசு? அதன் மேல் என்ன டயர்? அதை எந்தச் சாலையில், எந்த வேகத்தில் ஓட்டப்போகிறார்? இந்த மூன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "ஒண்ணும் குறையலை" என்கிறார், இன்னொருவர் "ஏகத்துக்கும் போச்சு" என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் சாலையில் உண்மையாக இருக்கலாம்.

ஒரே கார், இரண்டு சக்கரம்

ரிம்மை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான உதாரணம் டெஸ்லா மாடல் 3. 2023 செப்டம்பரில் ஐரோப்பாவில் புதுப்பித்து விட்டபோது, லாங் ரேஞ்ச் வண்டிக்கு டபிள்யூ.எல்.டி.பி. என்னும் ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் கொடுத்த ரேஞ்ச் 18 இன்ச் சக்கரத்தில் 678 கி.மீ., 19 இன்ச்சில் 629 கி.மீ. பின்சக்கர ஓட்டம் உள்ள சின்ன பேட்டரி வண்டிக்கு 554, 513. பேட்டரி அதே, மோட்டார் அதே, டயரின் அகலம்கூட 235 மி.மீ. என்று அதே. ஒரே ஒரு இன்ச்சில் 7 சதவீதம் கரைந்துவிடுகிறது.

அந்த 18 இன்ச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். முகம் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். 19 இன்ச்சில் கம்பிகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. சக்கரம் சுற்றும்போது அந்தக் கம்பிகள் மிக்ஸி பிளேடு மாதிரி காற்றைக் கடைகின்றன. கடைவதற்கான சக்தி பேட்டரியிலிருந்து போகிறது. பழைய மாடல் 3-இல் ரிம் மேல் மாட்டி வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியும் மாட்டியும் அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் சோதித்தது. மூடி இருந்தால் செலவு 3.4 சதவீதம் மிச்சம். அழகாக இல்லை என்று பலர் முதல் நாளே கழற்றி வைக்கும் மூடி அது.

மீதிக்குக் காரணம் எடையும் ரப்பரும். பெரிய ரிம்மில் உலோகம் அதிகம், அதுவும் அச்சிலிருந்து தள்ளி விளிம்புப் பக்கம் இருக்கிறது. நின்று கிளம்பும்போதெல்லாம் அதைச் சுழற்றிவிட வேண்டும். பெட்ரோல் வண்டியில் அந்தச் சக்தி பிரேக் சூடாகப் போய்விடும். மின்சாரக் காரில் வேகம் குறைக்கும்போது ஒரு பங்கு திரும்பி வருகிறது என்பதால் இங்கே எடையின் தண்டனை கொஞ்சம் லேசு. ரப்பர் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. இன்ச் மட்டுமே குற்றவாளி இல்லை. பி.எம்.டபிள்யூ ஐ3 சின்னக் கார், ஆனால் 19 இன்ச் சக்கரம். முன் டயர் 155/70, நம் ஊர்ச் சின்னக் கார்களின் டயர் அகலம்தான். உயரமும் ஒல்லியுமாக இருந்தால் டயர் சுலபமாக உருளும், காற்றிலும் கொஞ்சம்தான் மோதும் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். அகலமும் திறந்த முகமும்தான் ரேஞ்சைக் கெடுக்கின்றன. கடையில் விற்கும் பெரிய ரிம்களில் அவை இரண்டும் இன்ச்சோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன.

விளம்பரத்தில் உள்ள எண் இதைச் சொல்லாது

ஹூண்டாய் ஐயோனிக் 5 நம் நாட்டில் 2023 ஜனவரியில் வந்தது. 72.6 யூனிட் பேட்டரி, 20 இன்ச் சக்கரம், இந்திய வாகனச் சோதனை நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று 631 கி.மீ. அதே 72.6 யூனிட் பேட்டரியோடு, 19 இன்ச் சக்கரத்தில், ஐரோப்பாவில் கொடுத்த எண் 481. பெரிய சக்கரம் போட்ட வண்டிக்கு 150 கி.மீ. அதிகம்! சோதனை முறைதான் காரணம். இந்திய ஓட்டத்தில் உச்ச வேகம் 90 கி.மீ., சராசரி 30-ஐ ஒட்டி. ஐரோப்பிய ஓட்டத்தில் உச்சம் 131, சராசரி 46. மெதுவாக ஓட்டினால் காற்றின் தடை சிறிசு, அப்போது சக்கரத்தின் முகம் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. அதனால் எந்தச் சக்கரம் நல்லது என்பதை முடிவுசெய்ய இந்த எண்ணை நம்ப வேண்டாம்.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் க்ரெட்டா எலெக்ட்ரிக்கைப் பாருங்கள். 17 இன்ச்சோடு நிறுத்தி, முகத்தை மூடிய அலாயும் சுலபமாக உருளும் டயரும் கொடுத்திருக்கிறார்கள்.

டயருக்கும் டயருக்கும் உள்ள தூரம்

என்னைக் கேட்டால் ரிம்மைவிடப் பெரிய விஷயம் டயர். டயர் தரையில் அமுங்கி நிமிரும்போதெல்லாம் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடுதான் உருள் தடை. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரிலும் இதை 'ஏ' முதல் 'இ' வரை தரம் பிரித்து ஒட்டியாக வேண்டும். 'ஏ' தர டயருக்கு, வண்டி எடையில் ஒரு டன்னுக்கு 6.5 கிலோவுக்கு மேல் இழுவை இருக்கக் கூடாது. கடைசித் தரமான 'இ'-இல் அது 10.6 கிலோவும் அதற்கு மேலும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 1,750 கிலோ வரும் வண்டிக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 20 வாட்-மணி வித்தியாசம் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). 80 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மொத்தச் செலவே 140 வாட்-மணி அளவுதான். ஏழில் ஒரு பங்கு! ரிம் தின்பதைப்போல இரண்டு மடங்கு. அதுவும் நகரம், நெடுஞ்சாலை, மலை என்று எங்கே போனாலும், ஒவ்வொரு கிலோமீட்டரிலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுலபமாக உருளும் என்பதற்காக ஈரத்தில் பிடிக்காத டயரை வாங்காதீர்கள். அதே ஐரோப்பிய அட்டையில் ஈரப் பிடிப்புக்கும் தனித் தரம் உண்டு. இரண்டும் சேர்ந்து நன்றாக இருக்கும் டயர்கள் விலை கூடுதல்தான். ரிம்முக்குப் போடும் பணத்தை அதில் போடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஜி.எஸ்.டி. சாலையில் பிரேக் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டியோடு வந்த டயர் தேய்ந்து, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்த பிறகு ரேஞ்ச் குறைந்தால் பலரும் பேட்டரியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் டயரைப் பாருங்கள்.

காற்று

பெட்ரோல் போட பங்க்குக்குப் போகிறவர்கள் அப்படியே காற்றும் பார்த்துவிடுவார்கள். வீட்டில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. நானும் இரண்டு மாதம் பார்க்காமல் விட்டுவிட்டு, ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பங்க்குக்குப் போனேன். காற்றுக் குழாயோடு வந்த தம்பி, நான் எதுவும் சொல்லும் முன்பே "33 போட்டுடறேன் அண்ணே" என்றார். எல்லா வண்டிக்கும் அவருக்கு 33தான் கணக்கு. ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காட்டினேன். 36. "மின்சார வண்டிங்க தம்பி, கனம் ஜாஸ்தி." அவர் குனிந்து பார்த்துவிட்டு மீட்டரைத் திருகினார். முன் இடது டயரில் அப்போது இருந்தது 29.

காலையில் போனதற்கும் காரணம் உண்டு. டயர் ஐந்தாறு டிகிரி சூடேறினால் உள்ளே அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடிவிடும். மதிய வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் 36 பார்த்தால், மறுநாள் விடியற்காலையில் அது 32, 33தான்.

80-க்கும் 100-க்கும் நடுவே

இப்போது மாப்பிள்ளையின் திருச்சிப் பயணம். ஏ.சி. ஓட, சமதளத்தில், காற்று வீசாத நாளில் அவர் வண்டி மாதிரி ஒன்றுக்கு 40 யூனிட்டில் எவ்வளவு போகலாம் என்று காகிதத்தில் போட்ட கணக்கு இது: 60 கி.மீ. வேகத்தில் 360 கி.மீ. ரேஞ்ச், 80-இல் 290, 100-இல் 225, 120-இல் 175. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதனால்தான் இந்தச் சரிவு.

இதோடு சக்கரத்தை ஒப்பிடுங்கள். 7 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், 80-இல் 18 இன்ச் சக்கரம் தின்பது 20 கி.மீ. வேகத்தை 80-இலிருந்து 100 ஆக்கினால் போவது 65 கி.மீ. இன்னொரு விதமாகச் சொன்னால், ரிம்மில் இழந்ததை வேகத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் குறைத்தாலே திரும்ப எடுத்துவிடலாம்.

இரண்டும் சேரும்போதுதான் பயணத் திட்டமே மாறுகிறது. தாம்பரத்திலிருந்து பெரம்பலூர் சுமார் 245 கி.மீ. 16 இன்ச்சில் 80-இல் போனால் அங்கே போய்ச் சேரும்போது கொஞ்சம் மிச்சமும் இருக்கும்; சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு சார்ஜ். 18 இன்ச்சில் 100-இல் போனால் 210-ஐத் தாண்டாது. உளுந்தூர்பேட்டையிலேயே நிறுத்தியாக வேண்டும். வேகமாக ஓட்டி மிச்சம்பிடித்த அரைமணி நேரத்தில் பெரும்பங்கு, 100-இல் எரித்த அந்தக் கூடுதல் யூனிட்டுகளை ஏற்றுவதிலேயே போய்விடும்.

நகரம், மலை, ஆரல்வாய்மொழி

தாம்பரம்–கிண்டி ஓட்டத்தில் கணக்கு தலைகீழ். சராசரி வேகம் 15, 20-ஐத் தாண்டாத நெரிசலில் காற்றின் தடை அற்பம், சக்கரத்தின் முகம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே தின்பது ஏ.சி. அது தூரத்துக்குச் செலவு செய்வதில்லை, நேரத்துக்குச் செலவு செய்கிறது. ஒன்றேகால் கிலோவாட் இழுக்கும் ஏ.சி., 80-இல் போகும்போது கிலோமீட்டருக்கு 15 வாட்-மணிதான். பல்லாவரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதுவே 80 வாட்-மணியைத் தொடும். கத்திரி வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்விக்கும் முதல் பத்து நிமிடம் இன்னும் அதிகம். சார்ஜரைப் பிடுங்கும் முன்பே ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள், நிழலில் நிறுத்துங்கள். நகரத்தில் இது எந்த ரிம்மைவிடவும் உதவும்.

மலையில் எடைதான் எல்லாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 1,900 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 10 யூனிட் வேண்டும். பேட்டரியில் கால் பங்கு, 50 கி.மீ. தூரத்துக்குள். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பிவரும், ஆனால் மேலே முழுச் சார்ஜ் போட்டுவிட்டால் திரும்பிவருவதை வைத்துக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. 80, 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

எதிர்க்காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் ஸ்டியரிங் இழுப்பது தெரியும். எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், 80-இல் போகும் வண்டி காற்றைப் பொறுத்தவரை 110-இல் போகிறது. தடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே சாலையில் திரும்பி வரும்போது ரேஞ்ச் ஆச்சரியப்படுத்தும்.

மாப்பிள்ளைக்குச் சொன்னது

அவர் ஓட்டத்தில் பெரும்பகுதி நகரம். ரேஞ்ச் என்ற ஒரே காரணத்துக்காக 18 இன்ச் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த 20 கி.மீ. அவருக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் தேவை. நான் வேண்டாம் என்று சொன்னது வேறு காரணத்துக்காக. 215/60 டயரின் பக்கச்சுவர் 129 மி.மீ. உயரம். 18 இன்ச்சுக்குக் கடைக்காரர் காட்டிய 225/45-இல் அது 101 மி.மீ. மழைக்குப் பிறகு நம் சாலைகளில் உள்ள பள்ளங்களுக்கு அந்த ஓர் இன்ச் ரப்பர் ரிம்மைக் காப்பாற்றும் மெத்தை. மாதம் நான்கு தடவை திருச்சி போகிறவராக இருந்தால், ரேஞ்சுக்காகவே 16-ஐ விடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

மாற்றியே தீருவேன் என்பவர்கள், மாற்றும் முன்னும் பின்னும் நீங்களே அளந்து பாருங்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபார்த்துவிட்டு, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, ஏ.சி.யை ஒரே அளவில் வைத்து, ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். தூரத்தை ஓடோமீட்டரில் எடுக்காமல் போன் வரைபடத்தில் எடுங்கள். டயரின் மொத்த விட்டம் மாறினால் ஓடோமீட்டர் தப்பாகக் காட்டும். போன வழியிலேயே திரும்பியும் வந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். போகும்போது முதுகில் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அடித்திருக்கும்.