லெகோ சாட்டர்ன் 5: கட்டிப் பார்ப்பதைவிடக் கழற்றிப் பார்க்க வேண்டிய ராக்கெட்

லெகோ நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட சாட்டர்ன் 5 தொகுப்பில் 1,969 துண்டுகள் இருக்கின்றன. அசல் சாட்டர்ன் 5 ராக்கெட் சுமந்துசென்ற அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய ஆண்டும் 1969தான். 110.6 மீட்டர் உயரமான ராக்கெட்டை 110இல் ஒரு பங்காகச் சுருக்கியிருப்பதால், கட்டி முடித்ததும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. இதை முதலில் வடிவமைத்துக் காட்டியவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், இரண்டு ரசிகர்கள். பத்தாயிரம் பேரின் ஆதரவு திரண்ட பிறகே அந்த யோசனை பரிசீலனைக்குச் சென்று விற்பனைக்கு வந்தது. அசல் ராக்கெட்டின் கதையும் ஆர்வலர்களிடம்தான் தொடங்குகிறது என்பதால், இதை வெறும் பொம்மையாக மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் அடுக்கைக் கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. நடுவில் பல வண்ணக் கட்டைகளால் ஒரு கூட்டை அமைத்து, அதைச் சுற்றி வெள்ளைத் தகடுகளைப் பக்கவாட்டில் பொருத்திக்கொண்டே போக வேண்டும். ஒரே மாதிரித் தகட்டைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பூட்டினாலும், சதுரக் கட்டைகளிலிருந்து உருளை வடிவ உடல் மெல்லத் திரண்டு வருவதைக் காண்பது அலுக்கவில்லை. எழுத்துகளும் கொடியும் ஒட்டும் தாள்களாக இல்லாமல் கட்டைகளின்மீதே அச்சிடப்பட்டிருப்பது பெரிய நிம்மதி.

முழுமையாக நிற்கும்போது இது அழகான அலங்காரப் பொருள், அவ்வளவே. அடுக்குகளைப் பிரிக்கும்போதுதான் பேசத் தொடங்குகிறது. முதல் அடுக்கை இழுத்தெடுத்தால் அதுவரை மறைந்திருந்த இரண்டாம் அடுக்கின் ஐந்து எஞ்சின்கள் தெரிகின்றன. அதையும் கழற்றினால் மூன்றாம் அடுக்கின் ஒற்றை எஞ்சின். எரிபொருள் தீர்ந்த பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பறப்பது வீண் என்பதே இந்த அமைப்பின் சாரம். காது சரியாகக் கேளாத பள்ளி ஆசிரியரான சியோல்கோவ்ஸ்கி, ரஷ்யாவின் கலூகா என்னும் ஊரில் இருந்துகொண்டு, ராக்கெட்டின் வேகத்துக்கும் அது எரித்துத் தள்ளும் எடைக்கும் உள்ள தொடர்பை 1903இல் சமன்பாடாக வெளியிட்டார்; பின்னர் 1929இல், ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் ‘ராக்கெட் தொடர்வண்டி’களைப் பற்றியும் எழுதினார். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் ஏற்ற எரிபொருள் என்று அவர் அன்றே சொன்னதைத்தான் சாட்டர்னின் மேல் அடுக்குகள் இரண்டும் எரித்தன. முதல் அடுக்குக்கு மட்டும் மண்ணெண்ணெய்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்ன் ஊரில் ராபர்ட் கொடார்ட் ஏவிய, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டின் உயரம் சுமார் மூன்று மீட்டர். இந்த மாதிரியின் பக்கத்தில் வைத்தால் மூன்று சென்டிமீட்டர்கூட வராது. இரண்டரை விநாடிகளில் அது எட்டிய 12.5 மீட்டர் உயரமோ இங்கே அரைச் சாண்தான், முதல் அடுக்கின் பாதியைக்கூடத் தொடாது. அந்த அரைச் சாணுக்கும் அப்பல்லோ 11ஐச் சுமந்த இந்த முழு மீட்டருக்கும் நடுவே கழிந்தவை வெறும் 43 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் நடந்தவை எல்லாம் பெருமைக்குரியவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1927இல் ஜெர்மானிய ஆர்வலர்கள் தொடங்கிய ராக்கெட் சங்கத்தில் இளைஞராகச் சேர்ந்த வெர்னர் ஃபான் பிரவுன், ராணுவத்தின் பணத்தில் வி-2 ஏவுகணையை உருவாக்கினார். அதை உற்பத்தி செய்த மிட்டல்பாவ் என்ற நாஜி வதைமுகாமில் ஆயிரக்கணக்கான கைதிகள் மடிந்தனர். சாட்டர்ன் 5ஐ உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு உச்சியில் இருக்கிறது. மூன்றாம் அடுக்கின் மேற்புறத்தைத் திறந்தால், நிலவில் இறங்கும் கலம் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. அதை வெளியே எடுத்துத் தாய்க்கலத்தின் மூக்கோடு பொருத்தலாம். பெரிய கலத்தை நிலவைச் சுற்றவிட்டுச் சிறிய கலத்தை மட்டும் இறக்கும் இந்த யோசனையை, யூரி கோந்த்ராத்யுக் என்ற இளைஞர் அப்பல்லோவுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தம் குறிப்புகளில் எழுதிவைத்திருந்தார். நாசாவுக்குள் ஜான் ஹூபோல்ட் எதிர்ப்புகளைத் தாண்டி வாதாடிய பிறகு, 1962இல் அதே வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் இவ்வளவு சிறிய அளவில் நான்கு கால்களையும் ஒரு தலையையும் தவிர எதையும் காட்ட இயலாது என்பதால், அசல் கலத்தின் கோணல்மாணலான உருவத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மூன்று விண்வெளி வீரர்களும் விரல் நகம் அளவுதான்.

சாதாரணப் புத்தக அலமாரியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இடம் இருக்காது. அதற்காகவே படுக்கவைக்கும் தாங்கிகள் மூன்றைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவற்றில் அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன், எஞ்சின்கள் கண்ணுக்குத் தெரியும்படி. கடலில் மிதக்கும் நிலையில் செய்து தரப்பட்டுள்ள, பூமிக்குத் திரும்பிய அந்தக் குட்டிக் கூம்பு மட்டும் வரிசையின் கடைசியில் தனியாக இருக்கிறது.